வாயசைப்புக்காரி

நாடு முழுவதும் ஆடிய அந்தப் பாட்டில் ஒலிப்பது வெண்கலத்தின் குரல்தான். அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால், அந்தக் குரலில் அவள் ஒரு நாளும் பாடியதில்லை என்பதும் அதே அளவு உண்மை.

வெண்கலம் என்பது பள்ளிக்கூடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். காலைக் கூட்டத்தில் அவள் பாட்டெடுத்தால், வேலிக்கு அப்பால் நிற்கும் ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று உடன் படித்தவர்கள் கேலி செய்வார்கள். கனமான, அடிவயிற்றிலிருந்து எழுகிற குரல். நாலு கட்டைச் சுருதியில் அது சம்மணமிட்டு உட்காரும். அதற்குமேல் ஏற்றினால் கழுத்து நரம்பு புடைக்கும்.

அவளுடைய அக்காளைக் கட்டியவர் ஆட்டப் பாட்டுகளுக்கு இசை அமைப்பவர். வீட்டின் மாடியறையில் பழைய மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, ஒலிப்பதிவுக் கூடம் என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். கீழே அக்காளின் தையற்கடை. மேலே அத்தான் குதிகாலால் தரையைத் தட்டினால், கீழே தையல் இயந்திரம் நிற்க வேண்டும்; மறுபடியும் தட்டினால் ஓடலாம். இந்த ஏற்பாட்டில்தான் அந்த முதற்பாட்டு பதிவாயிற்று. அன்று வெண்கலத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அத்தானுக்கு மனம் வரவில்லை. அக்காளிடம் தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள், இயந்திரத்தை எத்தனை முறைதான் நிறுத்துவது. ஆகவே, வெண்கலம் நாலு கட்டையில், மாட்டுவண்டி வேகத்தில், மெல்லப் பாடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் அதைக் கணினியில் போட்டு வேகத்தைக் கூட்டினார். வேகம் ஏற, சுருதியும் ஏறி ஆறு கட்டையில் போய் நின்றது. பாடியவள் இருபத்தைந்து வயதுப் பெண்; கேட்டால் பதின்மூன்று வயதுச் சிறுமி தண்ணீர்க் குழாயடியில் நின்று சிரிப்பதுபோல இருந்தது.

“இது யாரு அத்தான்?” என்று கேட்டாள் வெண்கலம்.

“நீதான். கொஞ்சம் அவசரத்துல இருக்கிற நீ.”

அந்த அவசரம் விற்றது. கடைகளில், பேருந்துகளில், உடற்பயிற்சிக் கூடங்களில் எல்லாம் அந்தச் சிறுமி சிரித்தாள். அடுத்த பாட்டும் அப்படியே வேண்டும் என்றார்கள். அதற்கடுத்ததும் அப்படியே ஆயிற்று. தொண்டை சரியான பிறகும் வெண்கலம் தொண்டை கட்டியவளாகவே பாட வேண்டியிருந்தது.

மேடைக்குப் போகும்போதுதான் சிக்கல் எழுந்தது. ஆறு கட்டையில் அவளால் தலைகீழாக நின்றாலும் பாட முடியாது. அத்தான் அதற்கும் வழி வைத்திருந்தார். பதிவு செய்த பாட்டு ஒலிபெருக்கியில் ஓடும். அவள் ஆடிக்கொண்டே வாயை அசைக்க வேண்டும். அவள் கையில் கொடுத்த ஒலிவாங்கியில் பேட்டரிகூடப் போடுவதில்லை. கைக்குப் பாரம் குறையுமே என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்.

“முந்தாதே. அது ஒண்ணுதான் விதி. பாட்டு வரட்டும், அப்புறம் வாயைத் திற. முன்னாடி திறந்தா மானம் போயிரும். ஒரு இமை நேரம் பின்னாடி திறந்தா ஒருத்தனுக்கும் தெரியாது.”

அவள் அந்த விதியைக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டாள் என்பதைவிட, அது அவள் உடம்பில் ஊறிப்போயிற்று என்பதே பொருந்தும். எட்டாண்டுகளில் எவரும் கண்டுபிடிக்கவில்லை. முதல் வரிசையில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்களும் கைதட்டிவிட்டுத்தான் போனார்கள். வாயசைப்பில் அவளை விஞ்ச ஆளில்லை என்று அத்தான் பெருமைப்படுவார். வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை. ஆதலால் சாப்பாட்டு மேசையில் மட்டும் சொல்வார்.

அந்த வாழ்க்கையை ஒரு செருப்புக்கடைக்காரி முடித்துவைத்தாள். புதுச் செருப்பை மாட்டிக் கண்ணாடி முன் நடந்து பார்த்த வெண்கலம், தன்னையறியாமல் அந்தப் பாட்டின் முதலடியை முணுமுணுத்தாள். தன் சுருதியில், தன் குரலில்.

கடைக்காரி பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள். “தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. அது எனக்கு ரொம்பப் புடிச்ச பாட்டு. அதைப் போய் ஏன் இப்படிக் கெடுக்கறீங்க?”

வெண்கலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. காலைக் கடித்த செருப்பையே வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. தன் குரலை, தன் தொண்டையிலிருந்து வருகிறபடியே, மேடையில் நின்று பாட வேண்டும். அதைக் கேட்டு நாலு பேராவது எழுந்து ஆட வேண்டும். உட்கார்ந்து கேட்பது அல்ல, பாராட்டுவதும் அல்ல; ஆட வேண்டும். அது நடக்கவில்லையென்றால், அந்தக் கடைக்காரி சொன்னது சரியென்று ஆகிவிடும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். அத்தான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“போறதுன்னா போ. நான் பிடிச்சு வைக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. உன் குரல் ஆளை உக்கார வைக்கிற குரல். எழுப்பி விடற குரல் இல்ல.”

அக்காள்தான் கொதித்தாள். “வாயை மட்டும் அசைச்சிட்டிருந்தவளுக்கு இப்ப வாய் நீளுது. மெஷினை நிறுத்தி நிறுத்தி உன்னைப் பாட வெச்சதே நான். என் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை யோசிச்சியா?”

“யோசிச்சேன்க்கா.”

“என்ன யோசிச்ச?”

“இனிமே நீ மெஷினை நிறுத்த வேண்டாம்னு.”

அக்காள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள். அதன்பின் ஏழெட்டு மாதம் இருவருக்கும் பேச்சில்லை.

வெண்கலம் வேறோர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். கிட்டார்க்காரர் ஒருவரையும், டிரம்ஸ் வாசிக்கும் ஒருவரையும் சேர்த்துக்கொண்டாள். டிரம்ஸ்காரருக்கு நாட்டாமை என்று பெயர். யார் என்ன சொன்னாலும் சற்று நேரம் மீசையைத் தடவிவிட்டுத்தான் பதில் சொல்வார், அதனால். ஆட்டத்துக்கென்றே அமைத்த புதுப் பாட்டுகளோடு, பழைய பாட்டையும் நாலு கட்டையில் மீண்டும் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டாள்.

பத்திரிகைகள் பாராட்டின. எல்லாரும் பாராட்டினார்கள் என்பதுதான் கொடுமை. குரலில் ஆழம் இருக்கிறது என்றார் ஒருவர். அவசர உலகில் இப்படி ஒரு நிதானமா என்று வியந்தார் மற்றொருவர். ‘தாளம் அழைக்கிறது, குரலோ தயங்கித் தயங்கி வருகிறது, அந்தத் தயக்கத்திலன்றோ கவிதை’ என்று எழுதிய மூன்றாமவர், கேட்ட மாத்திரத்தில் நாற்காலியில் அமர்ந்துவிட்டதாகவும் தெரிவித்திருந்தார். அதற்கு முன் அவர் நின்றுகொண்டா எழுதிக்கொண்டிருந்தார் என்பதை விளக்கவில்லை. ஆட்டப் பாட்டைக் கேட்டு ஒருவன் உட்கார்ந்தால் அது பாட்டின் தோல்வி என்பது அந்த மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மேடைகள் கிடைத்தன. அரங்கு நிறைந்தது, நிறைந்து, உட்கார்ந்தது. சொற்பொழிவு கேட்பவர்கள்போலக் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்களை மூடித் தலையை அசைத்தார்கள். ஒருமுறை நடு வரிசையில் ஒருவர் எழுந்தார். வெண்கலத்தின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அவரைப் பார்த்தே அடுத்த அடியைப் பாடினாள். அவர் பக்கத்திலிருந்தவரின் காலை மிதிக்காமல் வெளியே வந்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

அத்தானின் குழுவுக்கோ கூட்டம் குறையவில்லை. அங்கே இப்போது சிட்டு என்றொரு பெண் வந்திருந்தாள். பழைய பதிவுகளே ஓடின. வெண்கலத்தின் குரலுக்குச் சிட்டு வாயசைத்தாள். புதுப் பெண் பிரமாதமாகப் பாடுகிறாள் என்று ஊர் பேசிக்கொண்டது. தன் தொண்டைக்குப் பிறந்த குரல் அங்கே ஆயிரம் பேரை ஆட்டிவைக்க, அதே தொண்டை இங்கே ஐந்நூறு பேரைக் கொட்டாவி விடவைக்கிறது என்ற கணக்கு வெண்கலத்துக்கு விளங்கவேயில்லை. அத்தான் சொன்னதுதான் சரியோ என்ற எண்ணம், கேட்காமல் வந்து உட்கார்ந்த விருந்தாளியைப்போல, எழுந்துபோக மறுத்தது.

இந்த நிலையில்தான் நீலச் சட்டை கிழிந்தது. அது அக்காள் தைத்த பழைய மேடைச் சட்டை. வாயசைக்கிறவளுக்கென்று தைத்தது, ஆகவே விலாவில் ஒரு நூலிழை இடம்கூட விடாமல் பிடித்துத் தைத்திருந்தாள். பாடுகிறவளுக்கு அது தாங்குமா? ஒத்திகையில் வெண்கலம் மூச்சை இழுத்துப் பிடித்த இடத்தில் பக்கவாட்டுத் தையல் படபடவென்று விட்டுப்போயிற்று. இரண்டு தையற்காரர்களிடம் காட்டினாள். வெட்டு அப்படி அமைந்திருக்கிறது, தைத்தவரிடமே கொண்டுபோங்கள் என்று இருவரும் கையை விரித்துவிட்டார்கள்.

அக்காள் கடையில் தனியாக இருந்தாள். தங்கை நுழைந்ததைப் பார்த்தும் தலையை நிமிர்த்தவில்லை.

“கடை சாத்தற நேரம்.”

“காலையில பதினோரு மணிக்கா?”

“என் கடை, என் நேரம்.” சட்டையை மட்டும் வாங்கி விரித்துப் பார்த்தாள். “மூச்சு விட்டு இதைக் கிழிச்சியா, சண்டை போட்டுக் கிழிச்சியா?”

“பாடிக் கிழிச்சேன்.”

“பேப்பர்ல போட்டிருந்தான், நீ பாடிக் கிழிக்கறேன்னு.” சொல்லிவிட்டுச் சிரிப்பு வந்துவிடாமல் உதட்டை மடித்துக்கொண்டாள். பிறகு அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள். “நிக்கிறதை நேரா நில்லு. சும்மா அளந்தா தெரியாது. பாடு. பாடறப்ப விலா எவ்வளவு விரியுதுன்னு பாக்கணும்.”

நாடாவை விலாவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கடையிலிருந்த பாட்டுப் பெட்டியில் வெண்கலத்தின் புதுப் பாட்டையே போட்டாள். அது அக்காளிடம் இருந்ததைக் கண்டு வெண்கலத்துக்கு வியப்பு. வாயைத் திறந்து கேட்கத் துணிவில்லை. தாளம் விழுந்தது. வெண்கலம் பாடினாள். முதலடி முடிவதற்குள் அக்காள் பெட்டியை நிறுத்தினாள். மறுபடியும் போட்டாள். மறுபடியும் நிறுத்தினாள். நாடாவில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா?”

“நீ எப்ப மூச்சு இழுக்கற?”

“பாடறதுக்கு முன்னாடி.”

“இல்லடி. டிரம் விழுது. விலா அப்படியே கிடக்கு. விழுந்தப்புறம்தான் உனக்கு மூச்சே ஏறுது. அதுக்கப்புறம் வாய். எவளோ ஒருத்தி முதல்ல பாடட்டும்னு நிக்கிற மாதிரி நிக்கிற நீ.”

வெண்கலம் குனிந்து தன் விலாவைத் தொட்டுப் பார்த்தாள்.

“போன மாசம் உன் கச்சேரிக்கு வந்தேன்,” என்றாள் அக்காள், நாடாவைச் சுருட்டிக்கொண்டே. “மூஞ்சியை அப்படி வெச்சுக்காத. டிக்கெட் சும்மா வந்துச்சு, வந்தேன். உன் பாட்டுக்கு எந்திரிச்சு ஆடலாம்னுதான் பாத்தேன். கால் எடுத்தா நீ வரல. காலை வெச்சப்புறம் நீ வர்ற. எப்படி ஆடறது? விழுந்து வெக்கவா? உக்காந்துட்டேன்.”

“குரல் கனமா இருக்குன்னு அத்தான்...”

“அவர் கிடக்கறாரு. குரல்ல ஒண்ணும் இல்ல. நீ லேட்டு.”

எட்டாண்டு வாயசைப்பில் உடம்பு கற்றுக்கொண்டதை, வாய் பாடத் தொடங்கிய பின்னும் உடம்பு விடவில்லை. பதிவிலிருக்கும் குரல் எழட்டும் என்று அது இன்னமும் காத்திருந்தது. எழ வேண்டிய குரல் தானேதான் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

மறுநாள் ஒத்திகையில் வெண்கலம் நாட்டாமையிடம் நேரடியாகக் கேட்டாள். “நான் தாளத்துக்குப் பின்னால வர்றேனா?”

அவர் மீசையைத் தடவினார். “வர்றீங்க.”

“எப்போதிருந்து?”

“முதல் நாள்லருந்து.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க பெரிய ஆளு. அது உங்க பாணின்னு நினைச்சேன். பத்திரிகைக்காரங்களும் அதைத்தானே புகழ்ந்தாங்க. நீங்க பின்னால வந்தீங்க, பாவம் தனியா விடக்கூடாதேன்னு நானும் கொஞ்சம் பின்னால வந்தேன். நான் வந்ததைப் பாத்து நீங்க இன்னும் பின்னால போனீங்க. போன வாரம் ரெண்டு பேரும் சேந்து எங்கயோ போயிட்டோம்.”

கிட்டார்க்காரர் தந்தியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டு சிரித்தார்.

திருத்துவது எளிதாயில்லை. தாளத்தைக் கூர்ந்து கேட்டுப் பாடு என்றால், கேட்டு முடித்த பிறகே பாட்டு வந்தது. காலால் தட்டிப் பார்த்தாள், காலும் தாமதித்தது. கண்ணாடி முன் நின்று பாடியபோது, தன் வாயையே பார்த்துக்கொண்டு அதற்குப் பின்னால் பாடினாள். நாட்டாமை பொறுமையிழந்து குச்சிகளைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு பண்ணுங்க. நான் ஆரம்பிக்கல. யாரும் ஆரம்பிக்கல. நீங்க எடுங்க, நாங்க புடிச்சுக்கறோம்.”

“தாளம் இல்லாமலா?”

“காத்துக்கிட்டு இருக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா எதுக்காகக் காத்திருப்பீங்க?”

வெறும் அறை. மின்விசிறியின் ஓசை மட்டும். வெண்கலம் நின்றாள், எதுவும் வரவில்லை. தொண்டைக்குள் குரல் இருந்தது. ஆனால், யாரோ கதவைத் திறந்துவிட வேண்டும்போல் இருந்தது. நெடுநேரம் கழித்து, அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவில் எங்கோ, முதற்சொல்லைக் கொண்டுபோய்ப் போட்டாள். நாட்டாமை அதன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். குரல் முன்னால் நடந்தது. தாளம் அதன்கீழே வந்து தாங்கியது. அரைப் பாட்டு வரை நின்றது, பிறகு நழுவிற்று. மறுநாள் முக்காற்பாட்டு.

அடுத்த நிகழ்ச்சி ஒரு பேருந்துப் பணிமனையில். தொழிலாளர் சங்கத்தார் தங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். பழுதுபார்க்கும் கொட்டகையிலிருந்து வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு, தரையில் எண்ணெய்க் கறைமேல் மரத்தூள் தூவி, இரும்பு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். பகல் சாப்பாடு முடிந்த நேரம்.

சங்கச் செயலாளர் கரிசனத்தோடு சொன்னார். “ரொம்பச் சிரமப்படாதீங்க மேடம். உங்க பாட்டு மென்மையா இருக்கும்னு கேள்விப்பட்டோம். சாப்பிட்டாச்சு, எல்லாரும் அப்படியே சாஞ்சுக்குவாங்க.”

“சாயட்டும்,” என்றாள் வெண்கலம்.

முதற்பாட்டை வெறுங்காற்றில் எடுத்தாள். தகரக் கூரையில் அது மோதித் திரும்புவதற்குள் நாட்டாமை வந்து சேர்ந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த சிலர் நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தவர்கள் எழவில்லை, ஆனால் சாயவுமில்லை. இரண்டாம் பாட்டில் பின்வரிசையிலிருந்த நடத்துநர் பெண் ஒருத்தி, பேருந்தில் நின்று பழகிய கால்களானபடியால், இருப்புக்கொள்ளாமல் எழுந்து நின்றாள். நின்றவள் தோளை ஆட்டினாள். பக்கத்திலிருந்த தோழியின் கையைப் பிடித்து இழுத்தாள். “விடுடி, சாப்பிட்டது வெளிய வந்துரும்” என்று சொல்லிக்கொண்டே அவளும் எழுந்தாள்.

மூன்றாவதாகப் பழைய பாட்டு. கூட்டத்தைக் கண்ட உற்சாகத்தில் நாட்டாமை பேசிவைத்ததை மறந்து, பழக்கதோஷத்தில் தாளத்தை முதலில் தொடங்கிவிட்டார். வெண்கலத்தின் உடம்பு உடனே கைகட்டிக் காத்து நின்றது. தாளம் விழுந்தது; இமை நேரம் கழித்துக் குரல் விழுந்தது. ஆட எழுந்த எட்டுப் பத்துப் பேரின் கால்கள் தடுமாறின. ஓட்டுநர் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் மேல் மோதி, “பிரேக் புடிக்கலையா?” என்று திட்டு வாங்கினார். நடத்துநர் பெண் நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தாள், உட்காரலாமா என்று.

“நிறுத்துங்க,” என்றாள் வெண்கலம்.

கொட்டகை முழுவதும் நின்றது. கிட்டார்க்காரரின் கை தந்திமேல் அப்படியே இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் ஒரு பாட்டை நடுவில் நிறுத்தியது அவள் வாழ்க்கையில் அதுவே முதல்முறை; பதிவில் ஓடும் பாட்டை நிறுத்த முடியாது. ஆடியவர்கள் அவளைப் பார்த்தபடி, கையை எந்த நிலையில் வைத்திருந்தார்களோ அந்த நிலையிலேயே நின்றார்கள். அவள் மூச்சை இழுத்தாள். அக்காள் அந்த அளவில் தைத்துக் கொடுத்த புதுச் சட்டையின் விலா விரிந்துகொடுத்தது. எடுத்தாள்.

மெதுவான பாட்டுத்தான். மாட்டுவண்டி வேகம். ஆனால் கால் எங்கே விழ வேண்டுமோ அங்கே குரல் முன்கூட்டியே போய் நின்றிருந்தது. கால் நம்பிக்கையோடு வந்து இறங்கியது. முன்வரிசை எழுந்தது. நாற்காலிகளை ஓரமாக இழுக்கிற ஓசை தாளத்தையே சில விநாடிகள் மூழ்கடித்தது. மரத்தூள் பறந்தது.

“இது அந்தப் பாட்டுல்ல?” என்று கத்தினார் கைகளில் இன்னும் கரி போகாத ஒரு மெக்கானிக்.

“அதேதான். அந்தப் பொண்ணு வேற ஸ்பீடுல பாடும்,” என்றார் இன்னொருவர், ஆடிக்கொண்டே.

“இது பரவால்ல. மூச்சு வாங்கல.”

வெண்கலத்துக்கு அது கேட்டது. பதில் சொல்லப் பாட்டில் இடமில்லை.

பாட்டு முடிந்து, செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேடையருகே வந்தார். அடுத்த ஷிப்டுக்காரர்கள் இப்போதுதான் வாசலில் இறங்குகிறார்கள், அந்தப் பாட்டையே இன்னொரு தடவை பாட முடியுமா என்று கேட்டார். நாட்டாமை குச்சிகளை இடுக்கிக்கொண்டு கொட்டகையின் மூலையில் தேநீர் வாங்கி, ஊதி ஊதி, அப்போதுதான் முதல் வாயை உறிஞ்சியிருந்தார். கிட்டார்க்காரர் அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினார்.

வெண்கலம் அவர் பக்கம் திரும்பவில்லை. வாசலில் நுழைந்தவர்களைப் பார்த்தாள், பாட்டை எடுத்துவிட்டாள். நாட்டாமை தேநீரை ஒரு பேருந்துச் சக்கரத்தின்மேல் வைத்துவிட்டு, ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு, “இருங்கம்மா, வர்றேன், வர்றேன்” என்று ஓடிவந்தார்.